ஒன்று கம்பெனிக்கு, ஒன்று நமக்கு

அந்த வீட்டில் அவர் மூடிய எதையும் வேறு யாரும் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. சர்க்கரை பாட்டில், எண்ணெய் டப்பா, தண்ணீர்க் குழாய் எல்லாம் அப்படித்தான். அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு குழாயைத் திருக முடியாமல் அவர் மனைவி பக்கத்து வீட்டுக்குக் குடத்தோடு போன நாட்கள் உண்டு.

"பாட்டில மூடச் சொன்னா சமாதி கட்டிட்டுப் போறாரு, பாழாப்போன கை!" என்று திட்டுவாள்.

அவருக்கு அது திட்டாகவே படாது. ஆலையில் அவருக்கு இரும்புக்கை என்று பெயர். இந்த வயதிலும் அவர் முதுகு வளையாமல் நின்றது அந்தப் பெயரின் தயவில்தான்.

இன்ஜின் பூட்டுகிற வரிசையில் அவருக்கு வேலை. சிலிண்டரின் மேல்மூடியை வைத்து போல்ட்டுகளை முறுக்க வேண்டும். அதற்கென்று அளவு வைத்த ஸ்பானர் ஒன்று உண்டு. போதுமான அளவு இறுகியதும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். அதோடு நிறுத்திவிட வேண்டும் என்றுதான் கம்பெனி சொல்லிக் கொடுத்தது. ஆனால் ஸ்பானர் சொன்னதை நம்பி நிறுத்துகிற ஆள் அந்த வரிசையில் ஒருவரும் கிடையாது. 'டிக்' கேட்ட பிறகு தோளைக் கொடுத்து இன்னொரு இழுப்பு இழுப்பார்கள். "ஒண்ணு கம்பெனிக்கு, ஒண்ணு நமக்கு" என்று அதற்கு ஒரு பேச்சே இருந்தது. முதல் இழுப்புக்குச் சம்பளம் வந்தது. இரண்டாவது இழுப்பு மானத்துக்கு. இன்ஜின் என்பது கனத்த இரும்பு, அது எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டது. அவர்கள் பூட்டியதில் எண்ணெய் கசிந்தது என்று ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்லை.

அப்படி இருக்கையில்தான் ஒருநாள் எல்லோரையும் முற்றத்தில் கூட்டி வைத்து மேலாளர் மைக்கைப் பிடித்தார். இனிமேல் பெட்ரோல் இன்ஜின் கிடையாது, பேட்டரி வண்டிதான் என்றார். இன்ஜின் வரிசையை மூடப்போகிறோம், யாரையும் வீட்டுக்கு அனுப்பப்போவதில்லை, எல்லோருக்கும் புதிதாகப் பயிற்சி கொடுப்போம் என்றார். பயிற்சியின் முடிவில் பரீட்சை. தேறியவர்கள் புதுக் கூடத்துக்குப் போகலாம். இரண்டு தடவை எழுதியும் தேறாதவர்களுக்குப் பெட்டிக் கொட்டகை. அது ஆலையின் பின்புறம் இருந்தது. ஓய்வு பெறும்வரை அட்டைப் பெட்டி மடித்து நாடா ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"மைக்கப் பிடிச்சவன் என்னிக்கு நமக்கு நல்லது சொல்லியிருக்கான்?" என்றார் இரும்புக்கை. "ஆளக் கழிக்கிற வேலை இது. வெளிய போன்னு சொன்னா சண்டை வரும். பரீட்சை வெச்சா நம்மளே தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போயிடுவோம்ல?"

"உனக்கென்ன மச்சான் கவலை?" என்றார் அருகில் நின்ற அவர் மனைவியின் தம்பி. அவரும் அதே வரிசையில் போல்ட் முறுக்குகிறவர்தான். ஒரு சேதி காதில் விழுந்தால் ஆலை முழுக்க ஊதிவிடுவார் என்பதால் அவருக்குச் சங்கு என்று பெயர். "வாத்தியாரே உன் வீட்டு ஆளு. பாடத்துக்கு முந்தியே பாஸ் போட்டு வெச்சிருப்பாங்க."

விஷயம் அதுதான். பயிற்சி கொடுக்க வந்தது இரும்புக்கையின் மருமகள். மின்சாரத் தொழிலில் டிப்ளமோ படித்தவள். அவர் மகன் நெடுந்தூரம் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில் கிடப்பான். வீட்டில் சும்மா உட்கார மாட்டேன் என்று அவள் அதே ஆலையில் சேர்ந்தாள், பேட்டரி வேலை கற்றுக்கொண்டாள், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டாள். அவள் வேலைக்குப் போகக் கிளம்பிய நாளில், "பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கரண்டு வேலை?" என்று கேட்டவர் இவர்தான். அவள் அதை மறந்திருக்க மாட்டாள் என்பது அவர் கணக்கு. பாஸ் போட்டால் இரக்கம், பெயில் போட்டால் பழி. இரண்டில் எது நடந்தாலும் ஊர் வாயில் அவல்தான்.

புதுக் கூடத்தில் தரை ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையாக இருந்தது. எண்ணெய் வாசனை துளிக்கூட இல்லை. தொழிற்சாலையா, சோப்புக் கடையா என்று சங்கு மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பழைய இன்ஜின் ஆட்கள் தங்கள் கறுத்த நகங்களை மறைத்துக்கொண்டு மேஜைக்கு ஒருவராக நின்றார்கள்.

முதல் நாளே ஒரு சிக்கல். மருமகள் எல்லோரையும் அண்ணே என்று கூப்பிட்டாள். மாமனாரை அண்ணே என்று கூப்பிட முடியுமா? மாமா என்றால் கூடமே சிரிக்கும். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆறாம் மேஜை, கையுறைய எடுத்துக்குங்க" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் மாமா, ஆலையில் ஆறாம் மேஜை. அவரும் விடவில்லை. "சரிங்க மேடம்" என்பார், கசப்பு மருந்தை விழுங்குகிற முகத்தோடு.

ஆளைக் கொல்லும் மின்சாரம் ஓடுகிற ஆரஞ்சு நிற ஒயரைக் கண்டால் அவள் சொல்லாமல் கைவைக்கக் கூடாது. ரப்பர் கையுறையைப் போடுமுன் அதன் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோதிரம், செயின், கடிகாரம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. இரும்புக்கையின் கல்யாண மோதிரம் சதையோடு சதையாக ஊறிக் கிடந்தது. வீட்டில் சோப்பு நுரையைத் தடவி இழு இழு என்று இழுத்தார்.

"கட்டினவளக் கழட்டி வெக்கிறதுக்குப் பயிற்சியா குடுக்கறாங்க?" என்றாள் மனைவி.

"உன்ன எங்கடி கழட்ட முடியும்? மோதிரத்தத்தான் சொல்றாங்க."

பாடம் அவருக்குப் புரிந்தது. அதில் குறை சொல்ல முடியாது. எந்தக் கம்பி எங்கே போகிறது, எதை முதலில் துண்டிக்க வேண்டும், மீட்டரை எப்படிப் பிடிக்க வேண்டும் எல்லாம் மண்டையில் ஏறிவிட்டது. தகராறு கையில்தான். பேட்டரிக் கட்டுகளை ஒன்றோடொன்று இணைக்கச் செம்புப் பட்டை வைத்து போல்ட் முறுக்க வேண்டும். ஸ்பானர் 'டிக்' என்றதும் அவர் தோள் தானாக முன்னால் சாய்ந்து இன்னொரு இழுப்பு இழுத்துவிடும். மூளை நிறுத்து என்று சொல்லும்போது கை வேலையை முடித்திருக்கும். அவர் மட்டுமல்ல, சங்கு, பக்கத்து மேஜைக்காரர், இன்ஜின் வரிசையில் இருந்து வந்த அத்தனை பேருக்கும் அதே வியாதி.

"ஒரு டிக். அதோட கைய எடுத்துடுங்க" என்று அவள் நூறு தடவை சொன்னாள்.

"லூசா விட்டா வண்டி ஓடுறப்ப ஆடாதா மேடம்?" என்று கேட்டார் சங்கு. "ஒண்ணு கம்பெனிக்கு, ஒண்ணு நமக்குன்னு முறுக்கித்தான் எங்களுக்குப் பழக்கம்."

அவள் நேராக ஆறாம் மேஜைக்கு வந்தாள். இரும்புக்கை சற்றுமுன் முறுக்கிய போல்ட் ஒன்றை எல்லோர் கண் முன்னாலும் கழற்றினாள். போல்ட்டோடு சேர்ந்து, நூல் பிரிந்தது மாதிரி வெள்ளைச் சுருள் ஒன்று வெளியே வந்தது.

"இது அலுமினியம்ணே. இரும்பு இல்ல. ரெண்டாவது இழுப்புல போல்ட்டக் கவ்விப் பிடிக்கிற மரை பிஞ்சிடும். மேல பாத்தா டைட்டா தெரியும். ரோட்டுல நாலு குலுங்கு குலுங்கினதும் செம்புப் பட்டை ஆட ஆரம்பிக்கும். ஆடினா சூடாகும். சூடானா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?"

இரும்புக்கை அந்தச் சுருளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். யார் வார்த்தையையும் நம்பாதவர் அவர். ஆனால் இது வார்த்தை இல்லை. தன் கை செய்த வேலை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

முதல் பரீட்சை வந்தது. ஒரு பேட்டரிப் பெட்டிக்கு உண்டான எல்லாப் போல்ட்டையும் முறுக்க வேண்டும். ஸ்பானரோடு சேர்ந்த கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு இழுப்புக்கும் கோடு ஒன்று ஓடும். ஒரு மலை ஏறி நின்றால் சரி. அதன் முதுகில் இன்னொரு குட்டி மலை முளைத்தால் இரண்டாவது இழுப்பு என்று அர்த்தம். இரும்புக்கை பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடித்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. கடைசி வரிசைக்கு வந்தபோது 'அப்பாடா' என்று மனது ஒரு நொடி இளகியது. அந்த நொடிக்காகவே காத்திருந்தது போலக் கை பாய்ந்துவிட்டது.

திரையில் குட்டி மலை முளைத்தது. கூடத்தில் எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள். ஒரே ஒரு போல்ட். கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தார்கள்.

"ஆறாம் மேஜை, தேறலை" என்றாள் அவள். அவர் முகத்தைப் பார்க்காமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அன்றைக்கு இன்ஜின் ஆட்களில் சங்கு உட்பட ஒருவரும் தேறவில்லை.

அவர் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. சங்கு வேறு எதற்கு இருக்கிறார்? மனைவி அடுப்படியில் பாத்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரே பானைச் சோத்தத் தின்னுட்டு, சொந்த மாமனாருக்கே பெயில் போடுறாளாம்! அந்த ஒரு ஆணிய மறைச்சா உலகம் முழுகிடுமா?"

மருமகள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஆணி இல்ல அத்தை, போல்ட்" என்றாள் தலை நிமிராமல்.

"பாத்தீங்களா வாய!"

"நிறுத்துடி!" என்றார் இரும்புக்கை. வீட்டுக் கூடத்தில் தட்டு வைக்காமலே உட்கார்ந்திருந்தார். "அவ பாஸ் போட்டிருந்தா நாளைக்கு நான் அந்த வாசல்ல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நுழையறது? மருமக தயவுல பொழைக்கிறவன்னு சொல்ல மாட்டானுங்களா? அவ சரியாத்தான் செஞ்சா."

சொன்னாரே ஒழிய, உள்ளுக்குள் எரிந்தது. அன்று அவள் போட்ட டீயைத் தொடாமல் ஆறவிட்டார். மறுநாள் அவரே அடுப்படி வாசலில் போய் நின்றார். அவர் அங்கே வந்து நின்றது அவளுக்கே அதிசயமாக இருந்தது.

"கை கேக்க மாட்டேங்குது" என்றார். "என்ன பண்றது?"

அவள் யோசித்தாள். "எனக்குத் தெரியல மாமா. எனக்கு அந்தப் பழக்கம் இருந்ததே இல்ல. இல்லாதத எப்படி விடறதுன்னு நான் எங்க கண்டேன்?"

சமாதானத்துக்கு எதையாவது அளந்துவிடாமல் தெரியாது என்று சொன்னாளே, அது அவருக்குப் பிடித்திருந்தது. டீயைக் குடித்துவிட்டு வெளியே போனார்.

தெருமுனையில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஒருவர் கடை போட்டிருந்தார். அவரிடமும் அந்த 'டிக்' ஸ்பானர் உண்டு. பழைய அலுமினியத் துண்டு ஒன்றைப் பட்டறைக் கிடுக்கியில் கவ்வ வைத்து, வேலை முடிந்து வரும்போதெல்லாம் இரும்புக்கை அங்கே உட்கார்ந்து முறுக்க ஆரம்பித்தார். மரை பிய்ந்து பிய்ந்து வந்தது. மெக்கானிக்கின் குப்பைத் தொட்டியில் வெள்ளைச் சுருள் சேர்ந்தது.

"பெரியவரே, என் கடையிலிருந்து ஒரு போல்ட்டாவது உயிரோட தப்பிக்குமா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"உன் கடைப் போல்ட்டு பொழைச்சா நான் பொழைச்சேன்னு வெச்சுக்க."

ஒருநாள் மாலை மெக்கானிக் டீ வாங்கி நீட்டினார். இரும்புக்கை வலது கையில் தம்ளரை வாங்கினார். பாதி முறுக்கிய போல்ட்டை விட மனமில்லாமல் ஸ்பானரை இடது கையால் பிடித்து, டீயை உறிஞ்சிக்கொண்டே இழுத்தார். 'டிக்' என்றது. கை நின்றுவிட்டது.

அவர் தம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை. இடது கையைப் பார்த்தார். இன்னொரு போல்ட்டை எடுத்து இடது கையாலேயே இழுத்தார். 'டிக்'. நின்றது. அடுத்தது. நின்றது. இந்தக் கைக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷமும் வலது கை சம்பாதித்துவந்த பெயரில் இதற்குப் பங்கே கிடையாது. பழக்கம் இல்லாததால் சொன்னதைக் கேட்கிறது. பட்டறையில் உட்கார்ந்துகொண்டு அவர் தனக்குத் தானே சிரித்தார்.

"என்ன பெரியவரே, டீயில எதாவது கலந்துட்டானா?" என்றார் மெக்கானிக்.

மறுநாள் ஆலைக்குப் போனதும் சங்கைத் தனியாக ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு, "யார் கிட்டயும் மூச்சு விடாத" என்றார் கடுமையாக.

"என் கழுத்த அறுத்தாலும் சொல்ல மாட்டேன் மச்சான்."

சங்கு எப்படியும் ஊதிவிடுவார் என்பது இரும்புக்கைக்குத் தெரியும், வேண்டியதும் அதுதான். எல்லோரையும் கூட்டி வைத்து அறிவுரை சொல்கிற ஆள் அவர் இல்லை. அதற்கு மைக்கைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் இன்ஜின் ஆட்கள் அத்தனை பேரும் இடது கையால் ஸ்பானரைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். "பரம ரகசியம்" என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒருத்தர் இடது கையால் போல்ட்டைக் கீழே போட்டார், மேஜைக்கடியில் தவழ்ந்து தேடினார். சங்கு தன் மூக்கிலேயே ஸ்பானரை இடித்துக்கொண்டார். யாரும் விடவில்லை. பயிற்சி நேரம் முடிந்த பிறகும் கூடத்தில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டாவது பரீட்சை அன்று தலைமை அலுவலகத்திலிருந்து கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் வந்திருந்தார். மருமகளோடு கூடத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேஜைக்கு மேஜை நரைத்த தலைகள். அத்தனை பேரும் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, இடது கையில் ஸ்பானரோடு, போருக்குக் கிளம்புகிறவர்கள் மாதிரி விறைப்பாக நின்றார்கள்.

"என்னம்மா இது? நீங்க சொல்லிக் குடுத்த முறையா?"

"இல்ல சார்" என்றாள் அவள். அவளும் அப்போதுதான் இத்தனை பேரையும் சேர்த்து இப்படிப் பார்க்கிறாள். "அவங்களே கண்டுபிடிச்சுக்கிட்டது. எந்தக் கையால முறுக்கணும்னு விதியில இல்ல."

பரீட்சை ஆரம்பித்தது. இரும்புக்கை எல்லோரையும்விட மெதுவாகச் செய்தார். சங்கு முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார், இவர் பாதியில் இருந்தார். பைக்குள் வலது கை துடித்தது. ஒவ்வொரு 'டிக்' சத்தத்துக்கும் அது கட்டிப்போட்ட நாய் மாதிரி எகிறியது. அவர் அதைத் தொடையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். கடைசி வரிசை வந்தது. போன தடவை 'அப்பாடா' என்று நினைத்த இடம். இந்தத் தடவை அவர் எதையும் நினைக்கவில்லை. 'டிக்'. ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

மருமகள் திரையைப் பார்த்தாள். ஒற்றை மலைகள், வரிசையாக. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

"ஆறாம் மேஜை, தேறியாச்சு."

கூடம் கைதட்டியது. இரும்புக்கை கையைத் தூக்கி அதை நிறுத்தினார்.

"மேடம், இந்த பாஸ் எனக்கு வேணாம்."

"ஏன்?"

"இது நீங்க மட்டும் பாத்தது. அந்தக் கண்ணாடி சாரும் கழட்டிப் பாக்கட்டும்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "என்னை நம்பலையா மாமா?" வாய் தவறி உறவு வந்துவிட்டது.

"உன்ன நம்பறேம்மா. ஊர நம்பல."

ஓரிருவர் சிரித்தார்கள், பிறகு எல்லோருமே சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்தார். தானே ஒரு போல்ட்டைத் தேர்ந்தெடுத்துக் கழற்றினார், அதுவும் கடைசி வரிசையிலிருந்து. விளக்கடியில் பிடித்து மரையைப் பார்த்தார். சுருள் எதுவும் இல்லை. புதுப் போல்ட் மாதிரியே மின்னியது.

"சுத்தம்" என்றார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "போன தடவை இவருக்கு நீங்கதானே பெயில் போட்டீங்க? உங்க மாமனாரா இவர்?"

அவள் வாய் திறக்குமுன் இரும்புக்கை முந்திக்கொண்டார். "ஆமா சார். என் மருமக. பெயில் போட்டது அவதான்." சொன்னபோது அவர் முதுகு பழைய இன்ஜின் வரிசையில் நின்றதைவிட ஒரு பிடி அதிகமாகவே நிமிர்ந்திருந்தது. "இந்தக் கூடத்துல அவ கைக்குத் தப்பி ஒரு போல்ட்டு வெளிய போவாது சார். நம்பி வண்டி விக்கலாம்."

அன்றைக்கு எல்லா இன்ஜின் ஆட்களும் தேறினார்கள். பெட்டிக் கொட்டகைக்கு அந்த வரிசையிலிருந்து ஒருவரும் போகவில்லை. மேலாளர் அன்று சாயங்காலமே மைக்கைப் பிடித்து எல்லாம் கம்பெனியின் திட்டத்தால் நடந்தது என்று பேசினார். இரும்புக்கை அதைக் கேட்க நிற்கவில்லை.

வீட்டில் மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கரை பாட்டிலை எடுத்தாள். காலையில் அவர் மூடிவைத்துவிட்டுப் போனது. வழக்கம்போல முந்தானையைச் சுற்றி, பல்லைக் கடித்து, பலமெல்லாம் திரட்டி ஒரு திருகு திருகினாள். மூடி சட்டென்று கழன்று அவள் கையோடு வந்தது. பாதிச் சர்க்கரை தரையில் கொட்டியது.

அவள் பதறிப்போய்த் திரும்பினாள். "என்னங்க, உடம்புக்கு முடியலையா? கையில தெம்பே இல்லையே!"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது.

"தெம்பெல்லாம் இருக்கு. இடது கையால மூடினேன்" என்றார் இரும்புக்கை.

"அப்ப அந்தக் குழாயையும் இனிமே அந்தக் கையாலயே மூடித் தொலைங்களேன்! பக்கத்து வீட்டுக்குக் குடம் தூக்கியே என் இடுப்பு போச்சு."

அவர் மருமகளைப் பார்த்தார். அவள் சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டே, இதில் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று தலையாட்டினாள்.

"குழாய் இரும்புடி" என்றார் அவர். "அதுக்கு வலது கைதான்."